சினைப்பைல (ஓவரில) இருந்த பெரிய கட்டிய எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு ஐசியூ?

ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்குற டாக்டர் நான். இந்த வாரமும் தியேட்டர விட்டு வெளிய வந்ததும் பேஷன்ட்டோட வீட்டுக்காரர் இதையே தான் கேட்டாரு, பில்லு ஏத்தவான்னு ஒரு வார்த்தையும் சேத்து. எத்தன தடவ தாங்க சொல்றது.

சினைப்பைக் கட்டி சிலருக்கு 10 கிலோ, 20 கிலோ கூட வளரும். நிறைய கட்டி கேன்சரே கிடையாது, மெதுவா வளர்றதால தொப்பைன்னு விட்டுடறாங்க. கை கால் குச்சியா இளைச்சு வயிறு மட்டும் பெருத்துட்டே போனா அது எப்படி தொப்பையாகும்?

அவ்ளோ பாரம் மாசக்கணக்கா வயித்துக்குள்ள பெரிய ரத்தக்குழாய அமுக்கிட்டு, நுரையீரல மேல நெருக்கிட்டு இருக்கும், உடம்பும் அதுக்குப் பழகிடும். மல்லாக்கப் படுக்க வச்சாலே பிபி இறங்கும்ங்கறதால இடது பக்கம் சாய்ச்சு தான் ஆரம்பிப்போம். கட்டி வெளிய வர்ற நிமிஷம் தான் எனக்கு பயமே. அமுக்கம் விட்டதும் வயித்துல இருக்குற ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு ரத்தம் அங்கயே தேங்கிடும், இதயத்துக்குத் திரும்புறது குறைஞ்சு பிபி மடமடன்னு விழும். சர்ஜன் கட்டியத் தூக்கும்போது "மெதுவா மேடம், கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு மானிட்டர்ல இருந்து கண்ண எடுக்காம சொல்லிட்டே இருப்பேன். சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீர்னு விரிஞ்சா அதுல நீர் கோத்துக்கலாம், அது சில மணி நேரம் கழிச்சும் வரலாம். அதுக்குத் தாங்க ஐசியூ!

"ஆபரேஷன் எதுக்கு, ஊசி போட்டு கட்டிக்குள்ள இருக்குற தண்ணிய உறிஞ்சிடுங்களேன்"னு கேக்காதீங்க. கேன்சரா இருந்தா செல்லு வயிறு பூரா சிந்திடும், இல்லன்னாலும் மறுபடி ரொம்பிக்கும். தியேட்டர்ல சில சமயம் சொட்டு சிந்தாம மெல்ல வடிப்பாங்க, அது வேற.

ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்குதுன்னு படுத்தே கிடக்காதீங்க, சொன்ன அன்னிக்கே எழுந்து நடங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஊசிய நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சுப் பயிற்சிக்குக் குடுக்குற அந்த மூணு பந்து மிஷின எல்லாரும் ஊதுறாங்க, ஊதக்கூடாதுங்க, மூச்ச உள்ள இழுக்கணும். வயித்துக்கு பெல்ட் குடுத்தா போட்டுக்கோங்க, தளர்ந்த தசைக்கு அது தான் பிடிமானம்.

வீட்டுக்குப் போனப்புறம் ஒரு கால் மட்டும் வீங்குனாலோ திடீர்னு மூச்சு வாங்குனாலோ, விடியட்டும்னு மட்டும் இருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் உடனே கிளம்பி வாங்க, ப்ளீஸ்.