சூடேறி அணையும் கணினி: பழுதைக் காட்டும் நேரம்

வீட்டில் நாமே பொருத்திய கணினி சூடேறி அணைந்து, பின்னர் இயங்க மறுக்கும்போது பலரும் முதலில் கணினிக்கு மின் கொடுக்கும் பெட்டியான வலுவழங்கியைத்தான் சந்தேகிக்கிறார்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னர், ஆளியை அழுத்தியதிலிருந்து கணினி அணையும் வரை எவ்வளவு நேரம் செல்கிறது என்று பார்ப்பது நல்லது. பழுது இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் அந்த நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

விசிறி அரைச் சுற்றுச் சுற்றி உடனே நின்றால் அதற்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டு, வலுவழங்கி தன்னைக் காத்துக்கொள்கிறது என்று கொள்ளலாம். தாய்ப்பலகையின் கீழ் தேவையற்ற இடத்தில் விட்டுப்போன, பலகையை உயர்த்திப் பிடிக்கும் ஒரு பித்தளைத் தாங்கியே இதற்குப் போதும். விசிறிகள் தொடர்ந்து சுற்றியும் திரையில் எதுவும் தோன்றாவிட்டால், கணினியின் மூளையான புறொசசருக்கென்று தனியாக வரும் நான்கு அல்லது எட்டு ஊசி மின் இணைப்பையும் நினைவகப் பலகையான றாம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் அணைவதுதான் உண்மையான சூட்டுப் பழுதின் அடையாளம். புறொசசரின் சிலிக்கன் சில்லு மிகச் சிறியது; வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் அதன் வெப்பநிலை நொடிக் கணக்கில் ஏறும். இன்றைய சில்லுகள் பல 95 முதல் 100 பாகை செல்சியஸை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைக்கின்றன. அதற்கு மேலும் ஏறினால், இயங்குதளத்தைக் கேட்காமலே மின்னைத் துண்டிக்கும் சமிக்ஞையை அனுப்புகின்றன. சூடு தணியுமுன் மீண்டும் ஆளியை அழுத்தினால், முன்னையதிலும் விரைவாக அணையும்.

வெப்பம் வெளியேறாததற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு மெல்லிய காற்றுப் படலம். புறொசசரின் மேற்பரப்பும், அதன் மேல் அமர்ந்து வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் தகடுகள் கொண்ட ஹீற்சிங்கின் அடிப்பரப்பும் வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடுபள்ளமானவை. இடையில் சிக்கும் காற்றை விடச் செப்பு ஏறத்தாழ 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். தேர்மல் பேஸ்ற் எனப்படும் பசையின் வேலை அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவதே. அது காற்றை விட நல்ல கடத்தி, செப்பை விட மோசமான கடத்தி என்பதால், அள்ளிப் பூசுவதில் பயனில்லை. பற்பசையைப் பூசிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நீர் வற்றியதும் அது வெடிப்பு விட்டுக் காற்றுக்கு மீண்டும் இடம் கொடுத்துவிடும்.

ஹீற்சிங்கைக் கழற்றியதும் பசையின் தடத்தை உடனே துடைத்துவிடக் கூடாது. பசை ஒரு பக்கம் மட்டும் நசுங்கி, மறுபக்கம் பூசியபடியே தடித்திருந்தால், ஹீற்சிங்கை இறுக்கும் நான்கு பிடிகளில் ஏதோ ஒன்று பூட்டவில்லை என்று பொருள். புறொசசரில் பசையே ஒட்டாமல், ஹீற்சிங்கின் அடியில் பளபளக்கும் பிளாஸ்ரிக் தாள் ஒன்று தெரிந்தால், பொருத்தும்போது அதை உரிக்க மறந்திருக்கிறார்கள்.

கணினி பல நிமிடங்கள் வேலை செய்து, பாரமான வேலையின்போது மட்டும் அணைந்தால் கணக்கு வேறு. ஹீற்சிங்க் அறையின் காற்றை விடக் குளிர முடியாது. ஒரு வாற்றுக்கு 0.8 பாகை ஏறும் ஹீற்சிங்கில் 65 வாற்றுச் சில்லு இருந்தால், அது அறையின் வெப்பநிலையை விட 52 பாகை உயரும். குளிரூட்டிய 23 பாகை அறையில் 75ஆக நிற்கும் அதே கணினி, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் 33 பாகையாகும் அறையில் 85ஐத் தொடும். மீதமிருக்கும் அந்தச் சிறு இடைவெளியைச் சோளகக் காற்றில் வந்து தகடுகளுக்கிடையே படியும் புழுதி எளிதில் தின்றுவிடும்.

பக்கக் கதவைத் திறந்து மேசை விசிறியை வைத்தால் இதை உறுதிப்படுத்தலாம். வெப்பநிலை சட்டென்று இறங்கினால் குறை காற்றோட்டத்தில். அசையாவிட்டால் பசையில் அல்லது பிடியில். ஆனால் கதவைத் திறந்தபடியே மாதக்கணக்கில் வைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன், கடலோரக் காற்றின் உப்போடு சேர்ந்த தூசு, மாரிக் காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பலகையின் மேல் மின் கடத்தத் தொடங்கும், பல்லிகளும் குடியேறும். தூசை ஊதும்போது இணைப்புகளைக் கழற்றி, விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதும் வேகத்தில் சுற்றவிட்டால் அதன் அச்சைத் தாங்கும் பகுதி தேயும். வலுவழங்கியை மட்டும் திறக்காமல் வெளியிலிருந்தே ஊதலாம், ஏனெனில் அதன் கொள்ளளவிகள் மின்னைத் துண்டித்த பின்னரும் மின்னேற்றத்தை வைத்திருக்கும்.