சுத்தம் மட்டுமே தொண்டை அடைப்பானைத் தடுத்துவிடாது

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயோடு குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோரிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டால், “வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் டாக்டர், தண்ணீரைக்கூடக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம்” என்ற பதில் வருகிறது. சற்று வாசிப்பு உள்ளவராக இருந்தால், அந்தக் காலத்துக் கொள்ளைநோய்கள் குடிநீரும் சாக்கடையும் சீரானதால் ஒழிந்தனவே தவிர ஊசியால் அல்ல என்று வரலாறும் சொல்வார். அண்மையில் இதை மறுபடியும் கேட்க நேர்ந்ததால், அந்த வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகள் பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றியே இருப்பதைக் கண்டு ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே தாக்கிய பிறகு, அந்நகரின் பெரும் கழிவுநீர்க் குழாய்கள் கட்டப்பட்டன. காலராவையும் டைபாய்டையும் விரட்டிய பெருமையில் பெரும்பங்கு மருத்துவர்களாகிய எங்களுக்கு அல்ல, பொறியாளர்களுக்கே உரியது.

ஆனால் அவை மலம் கலந்த நீரின் வழியே பரவும் நோய்கள். தொண்டை அடைப்பானைப் போல இருமலிலும் மூச்சிலும் பரவும் கிருமிக்கு உங்கள் குழாய்த் தண்ணீர் எவ்வளவு தூய்மையானது என்பது ஒரு பொருட்டே அல்ல. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் குளோரின் கலந்த குடிநீரும் மூடிய சாக்கடையும் இருந்தன. இருந்தும் ஆண்டுக்கு 30 முதல் 40 லட்சம் பேருக்குத் தட்டம்மை வந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1963இல் தடுப்பூசி வந்த பிறகு, ஐந்தே ஆண்டுகளில், பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் சாக்கடையில் என்ன புதுமை நடந்துவிட்டது?

இளம்பிள்ளைவாதத்தின் கதை இன்னும் விசித்திரமானது. சுகாதாரம் குறைவாக இருந்த காலத்தில், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி இருக்கும்போதே பெரும்பாலான குழந்தைகளை அந்த வைரஸ் தொற்றிச் சென்றுவிடும். சுத்தம் கூடியபோது தொற்றும் வயது தள்ளிப்போனது. வயது கூடக் கூட வாதம் தாக்கும் வாய்ப்பும் கூடியது. 1916இல் நியூயார்க்கைப் பெரும் கொள்ளைநோயாக அது உலுக்கியதன் பின்னணி இதுதான்.

தொண்டை அடைப்பானுக்கே வருவோம். முன்னாள் சோவியத் நாடுகளில் தடுப்பூசிப் பணி தளர்ந்தபோது, 1990களில் 1,50,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வந்தது. ஏறத்தாழ 5,000 பேர் இறந்தனர். அங்கே மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பஞ்சமில்லை.

வாயைத் திறந்து பார்த்தால் உள்நாக்கின் ஓரத்தில் சாம்பல் நிறச் சவ்வு ஒட்டியிருக்கும். அழுத்தி எடுக்க முயன்றால் இரத்தம் கசியும். நாங்கள் கொடுக்கும் நச்சுமுறிவு மருந்து, இந்தக் கிருமி சுரக்கும் நஞ்சில் இன்னும் திசுக்களில் ஒட்டாததை மட்டுமே முறிக்கும் என்பதால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விலை உண்டு. சவ்வு மறைந்து குழந்தை சிரிக்கத் தொடங்கும் இரண்டாவது வாரத்தில்கூட, ஏற்கெனவே ஒட்டிய நஞ்சால் இதயம் நின்றுபோகலாம். அந்த நாட்களில், “வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்” என்று எங்களிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். கைக்குழந்தைக் காலத்து ஊசிகளோடு நிறுத்தாமல், பள்ளி வயதின் ஊக்கத் தவணைகளையும் போடுங்கள். அவற்றைத்தான் பலரும் மறக்கிறார்கள். தவணை விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலேசான சளி, ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல. வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், உடன் இருந்த அனைவரும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்நோய் வந்து பிழைத்தாலும் நம்பத்தக்க எதிர்ப்புச் சக்தி உருவாவதில்லை. எனவே, “ஒருமுறைதான் வந்துவிட்டதே” என்று கிளம்பிவிடாமல், தயவுசெய்து குழந்தை தேறியதும் போட வேண்டிய ஊசிக்குத் தேதி குறித்துக்கொண்டு போங்கள்.