புது வேலையில் சேர்ந்த சில மாதங்களில் மசக்கை: சம்பளம், விடுப்பு, பணிப் பாதுகாப்பு பற்றிய சட்ட விளக்கம்

புதிதாக வேலையில் சேர்ந்த பெண் ஒருவர் கர்ப்பமாகி, கடுமையான வாந்தியும் மயக்கமுமாகப் பத்துப் பதினைந்து நாள் வேலைக்குப் போக முடியாமல் போனால், “இன்னும் நிரந்தரமே ஆகவில்லை, நமக்கு என்ன உரிமை இருக்கப்போகிறது” என்று அவரே முடிவு செய்து ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுவது நம் பகுதியில் வழக்கமாக இருக்கிறது. கடலூர் சிப்காட்டில் வேலை செய்பவராக இருந்தாலும், கடலூரிலிருந்து தினமும் பேருந்து ஏறிப் புதுச்சேரித் தொழிற்பேட்டைகளுக்குப் போய்வருபவராக இருந்தாலும், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. இந்த விஷயத்தில் பெரும் இழப்பு பல நேரங்களில் நிறுவனத்தின் ஆணையால் நேர்வதில்லை, தாமாகக் கொடுக்கும் ராஜினாமாவால் நேர்கிறது.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயத்தில் அந்த உரிமைகள் அநேகமாக அப்படியே இடம்பெற்றுள்ளன. தொழிற்சாலைகள், சுரங்கங்கள், தோட்டங்கள், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள், நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். இது மத்தியச் சட்டம் என்பதால் மாநில எல்லை தாண்டி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இரு பக்கமும் ஒரே உரிமைதான்.

இந்த 26 வாரச் சம்பளத்துக்குத் தகுதி பெற ஓராண்டுப் பணி தேவையில்லை, நிரந்தரமாகி இருக்கவும் தேவையில்லை. பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதிக்கு முந்தைய 12 மாதங்களுக்குள் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். வேலையில் சேர்ந்த நாளிலோ கர்ப்பம் தெரிந்த நாளிலோ எத்தனை நாள் பணி முடிந்திருந்தது என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் ஒரு பெண், புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஜூன் 2ஆம் தேதி வேலையில் சேர்கிறார், அவருக்குப் பிரசவத் தேதி ஜனவரி 20 என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்னதாக, அதாவது நவம்பர் 25 முதல், அவர் விடுப்பில் செல்லலாம். வாரம் ஆறு நாள் வேலை என்றால் அதற்குள் ஏறத்தாழ 150 வேலை நாட்கள் வருகின்றன. மசக்கையால் முழுதாக 30 நாள் போனாலும் 120 நாள் மிஞ்சும். ஜூலை மாதத்தில் தலையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தபோது அவர் ராஜினாமா கொடுத்திருந்தால், 26 வாரச் சம்பளம் மொத்தமும் கையைவிட்டுப் போயிருக்கும். இதற்கு மாறாக, ஏழாம் மாதத்தில் வேலையில் சேர்கிற ஒருவருக்கு 80 நாள் நிறைவது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் வருவார்கள். அவர்களுக்கு மகப்பேற்றுப் பணத்தை நிறுவனத்துக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. கழகம் தருகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம் குழம்புவதும் குழப்பப்படுவதும் இந்த இடத்தில்தான். இ.எஸ்.ஐ.யில் மகப்பேற்றுப் பணம் பெற, முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாட்களுக்கான சந்தா (இ.எஸ்.ஐ.க்குக் கட்டும் தொகை) இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. வாழ்நாளில் முதல்முறையாக இ.எஸ்.ஐ.யில் சேர்பவருக்குப் பலன் காலம், அதாவது பணப் பலன்களைக் கோரக்கூடிய காலம், தொடங்குவதே சேர்ந்து ஒன்பது மாதம் கழித்துத்தான். நாம் பார்த்த மஞ்சக்குப்பம் பெண்ணுக்கு இதுவே முதல் வேலை என்றால், அவருடைய பலன் காலம் மார்ச் மாதத்தில் தொடங்கும், பிரசவமோ ஜனவரியில் நடந்துவிடும். அப்போது இ.எஸ்.ஐ. அலுவலகம் “உங்களுக்குத் தகுதி வரவில்லை” என்று சொல்லும், நிறுவனம் “நீங்கள் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று கையை விரிக்கும். இரண்டாவது பதில் சட்டத்துக்கு முரணானது. ஒரு பெண் இ.எஸ்.ஐ.யில் தகுதி பெறும் வரை, 80 நாள் நிபந்தனையை நிறைவு செய்திருந்தால், அவருக்கு மகப்பேற்றுச் சம்பளம் தரும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்று சட்டம் தனிப் பிரிவாகவே சொல்கிறது. புதிய தொகுப்புச் சட்டத்தில் அது 61ஆவது பிரிவு. அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுப்பது பலன் தரும்.

முன்பு வேறு நிறுவனத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர்களின் நிலை இதைவிட நல்லது. காப்பீட்டு எண் ஆளுக்கு ஒன்றுதான், வேலை மாறினாலும் அது மாறாது, பழைய வேலையில் கட்டிய சந்தாவும் கணக்கில் சேரும். ஆகவே புது வேலையில் சேரும்போது பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். அப்படி நடந்தால் பழைய சந்தா தனியாகக் கிடக்கும், நீங்கள் புதியவராகவே கணக்கில் வருவீர்கள். சந்தாத் தகுதி இருப்பவருக்குப் பிரசவத்துக்கு முந்தைய உடல்நலக் குறைவின்போது நோய்க்காலப் பணமாகச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதற்கு உரிய சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா தேவை. மருத்துவச் சிகிச்சைக்கு மட்டும் காத்திருப்புக் காலம் ஏதும் இல்லை, சேர்ந்த முதல் நாளிலிருந்தே இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் புதுச்சேரி கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் பார்த்துக்கொள்ளலாம்.

கர்ப்பத்தால் வரும் நோய்க்கென்றே தனி விடுப்பும் உண்டு. 26 வாரத்துக்கு மேல் கூடுதலாக, கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம், கருச்சிதைவு ஆகியவற்றால் ஏற்படும் நோய்க்கு, உரிய சான்று காட்டினால், ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்புத் தர வேண்டும். இதைப் பிரசவத்துக்குப் பின் மட்டுமே எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சான்றிதழின் வாசகம் இங்கே மிக முக்கியம். “வாந்தி, காய்ச்சல், ஓய்வு தேவை” என்று மட்டும் எழுதியிருந்தால் அதைச் சாதாரண நோய் விடுப்பாகக் கணக்கிட்டுச் சம்பளம் பிடித்துவிடுவார்கள். “கர்ப்பத்தால் ஏற்பட்ட கடும் வாந்தி”, எத்தனையாவது வாரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு என்று மருத்துவரைத் தெளிவாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டு மாலையே வீட்டுக்கு அனுப்பினாலும், அன்றைய தேதியிட்ட சீட்டைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். கடலூரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வேலை செய்பவர்களுக்கு, பணியின் முதல் ஆண்டிலேயே 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்துவிடுவது, ராஜினாமாவுக்கு அடுத்தபடியாக உரிமையைக் கெடுக்கும் காரியம். “வணக்கம் மேடம், நான் எட்டு வாரக் கர்ப்பமாக இருக்கிறேன். கடும் வாந்தி காரணமாக இன்று முதல் ஐந்து நாள் ஓய்வு எடுக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். சான்றிதழை இணைத்திருக்கிறேன்” என்று ஹெச்.ஆர். பிரிவுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி, அதே வாசகத்தில் ஒரு மின்னஞ்சல், இவ்வளவு போதும். கர்ப்பம் நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே பின்னாளில் ஆதாரம்.

தகுதிகாண் காலத்தில் (நிரந்தரமாகும் முன் உள்ள சோதனைக் காலத்தில்) இருப்பவரைக் காரணம் சொல்லாமலே நீக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். எல்.ஐ.சி.யில் தகுதிகாண் காலத்தில் இருந்த நீரா மாத்தூர், மகப்பேறு விடுப்பில் இருந்தபோது 1990 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். பணியில் சேரும்போது நிரப்பிய படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியைத் தவறாகச் சொன்னார் என்று நிறுவனம் நீதிமன்றத்தில் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1991இல் அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட்டதோடு, ஒரு பெண்ணிடம் கேட்கக் கூடாத அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கச் சொன்னது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் இது போன்ற ஆதரவு உண்டு. தகுதி பெற்றுவிட்ட பெண்ணின் ஒப்பந்தம் இடையில் முடிந்துவிட்டாலும் மகப்பேற்றுப் பலனை முழுமையாகத் தர வேண்டும் என்று கவிதா யாதவ் வழக்கில் 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருப்பவர்களைப் பொறுத்தவரை, மகப்பேறு விடுப்புக் காலம் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக் கணக்கிடப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்.

சட்டப்படி மகப்பேறு விடுப்பில் இருப்பவரை நீக்குவதும், அந்த நேரத்தில் சம்பளத்தையோ பதவியையோ குறைப்பதும் செல்லாது. விடுப்பு எடுக்கும் முன்பே, கர்ப்பமாக இருக்கும்போது நீக்கினாலும், அவருக்குச் சேர வேண்டிய மகப்பேற்றுப் பணத்தைத் தந்தாக வேண்டும். கடும் ஒழுங்கீனம் என்று எழுத்தில் ஆணை இருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு. நீக்கிய ஆணை கைக்குக் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மனு எங்கே போக வேண்டும் என்பதை வேலை செய்யும் இடம் தீர்மானிக்கிறது, வீட்டு முகவரி அல்ல. கடலூரில் வீடும் புதுச்சேரியில் வேலையும் என்றால் காந்தி நகர் வழுதாவூர் சாலையில் உள்ள புதுச்சேரித் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். கடலூர் மாவட்டத்துக்குள் வேலை என்றால் அங்குள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம். நெய்வேலிச் சுரங்கப் பணிகள் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பின் கீழ் வருகின்றன. மனுவுடன் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பிரசவத் தேதி குறித்த மருத்துவமனைச் சீட்டு, ஹெச்.ஆருக்கு அனுப்பிய செய்திகளின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மகப்பேற்றுப் பலன்களை, பணியில் சேர்க்கும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கும் கடமையை 2017 திருத்தம் நிறுவனத்துக்கு விதித்ததால், அப்படி எதுவும் தரப்படவில்லை என்றால் அதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.