நாபைத் தொட்டால் ஷாக் அடிக்கிற ஆம்ப்ளிஃபையர்

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, தானே அசம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையரைச் சில மாதங்களுக்கு முன் என் சர்வீஸ் மேசைக்குக் கொண்டுவந்தார். பாட்டு நன்றாகத்தான் வருகிறது, ஆனால் நாபைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றார். திறந்து பார்த்தேன். நல்ல போர்டு, சூட்டை வெளியேற்றப் பெரிய ஹீட் சிங்க், 24-0-24 வோல்ட் ஐந்து ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர், எல்லாவற்றிலும் தாராளமாகச் செலவு செய்திருந்தார். கரண்ட் உள்ளே வரும் வயர் மட்டும் பழைய டேபிள் ஃபேனிலிருந்து எடுத்த இரண்டு கோர் வயர். கேபினெட் தகட்டில் போட்ட ஓட்டைக்கு ரப்பர் புஷ் இல்லை. தகட்டின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஃபேஸ் வயர் கேபினெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. பியூஸ் ஹோல்டரில் பியூஸுக்குப் பதிலாக ஒரு செம்பு இழை.

"எர்த் ஏன் கொடுக்கலை?" என்று கேட்டேன். "கொடுத்தா ஹம் வருதுண்ணே, அதான் எடுத்துட்டேன்" என்றார்.

இதைப் பலரும் செய்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். எர்த்தைக் கழற்றினால் ஹம், அதாவது ஸ்பீக்கரில் வரும் அந்த 'ம்ம்ம்' இரைச்சல், குறைவது உண்மைதான், ஆனால் ஹம்முக்குக் காரணம் எர்த் அல்ல, கிரவுண்ட் வயர் ஓடும் பாதை. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரிலிருந்து கெபாசிட்டருக்குப் போகும் கரண்ட் விநாடிக்கு 100 தடவை துடிப்பாகப் பாய்கிறது. அந்தப் பாதையிலேயே இன்புட்டின் கிரவுண்டையும் கொண்டுபோய் ஒட்டினால் அந்தத் துடிப்பு அப்படியே ஸ்பீக்கரில் கேட்கும். இரண்டு பெரிய கெபாசிட்டர்களும் சேரும் நடுப்புள்ளியிலிருந்து ஒரு தடித்த வயரை எடுத்து வேறோர் இடத்தில் முடித்து, போர்டு, ஸ்பீக்கர், இன்புட் மூன்றின் கிரவுண்டையும் தனித்தனியாக அங்கே கொண்டுவாருங்கள். இன்புட்டுக்கு ஷீல்டு வயர், அதையும் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுத் தள்ளி. அந்தத் தம்பியின் செட்டில் இதைத்தான் செய்தேன், எர்த்தை மறுபடி கொடுத்த பிறகும் ஹம் வரவில்லை.

230 வோல்ட் பக்கத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மூன்று கோர் வயர், 0.75 சதுர மி.மீ., மூன்று பின் பிளக். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில், அதற்கென்றே ஒரு போல்ட் போட்டு, ரிங் லக் வைத்து முடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கிற போல்ட்டில் சேர்க்க வேண்டாம். பியூஸ் ஃபேஸில்தான் வர வேண்டும். மேலே சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய 240 வி.ஏ., அதாவது முழு லோடில் ஒரு ஆம்ப் இழுக்கும். ஸ்லோ-ப்ளோ வகையில், அதாவது ஆன் செய்யும் நொடியின் இழுப்புக்குப் போகாத பியூஸில், 1.6 அல்லது 2 ஆம்ப் போதும். அன்றைக்கு எர்த் இருந்திருந்தால் வயர் அறுந்து தகட்டைத் தொட்டவுடனே வீட்டின் பியூஸோ எம்.சி.பி.யோ போயிருக்கும், அவர் கைக்கு வந்திருக்காது.

ஸ்பீக்கர் வயர் வாங்கும்போது பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வளைத்தால் சீக்கிரம் முறியும், ஈயமும் சரியாக நிற்காது. நல்ல செம்பு 1.5 சதுர மி.மீ. என்றால், மூன்று மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.07 ஓம்தான். மெல்லிய 0.2 வயரில் அதே தூரத்துக்கு அரை ஓம் வந்துவிடும், நான்கு ஓம் ஸ்பீக்கரில் அந்த நஷ்டம் காதிலேயே தெரியும்.

அப்புறம் மைக்கா, அதாவது ஐசி, டிரான்சிஸ்டரின் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே வைக்கும், கரண்ட் கடத்தாத மெல்லிய தாள். டிடிஏ7294 ஐசியின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது, 2எஸ்சி5200 டிரான்சிஸ்டரில் கலெக்டரோடு. ஸ்க்ரூவுக்குக் கரண்ட் கடத்தாத புஷ் போட மறந்தால் மைக்கா இருந்தும் பயனில்லை. முடுக்கியதும் மீட்டரை வைத்து முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பீப் வரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் அடுத்த வேலை.

முதல் முறை ஆன் செய்யும்போது 100 வாட் குண்டு பல்பை ஃபேஸில் சீரிஸாகப் போட்டு, ஸ்பீக்கரைக் கழற்றி வையுங்கள். பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உடனே ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே கை வைக்குமுன் கெபாசிட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள். 24-0-24 செட்டில் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 65 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.