புளூட்டோனியம் உலையில் எத்தனை காலம் இருந்தது?

மேட்டூரிலும் குந்தாவிலும் விழுகிற தண்ணீரும், பல்லடத்திலிருந்து உடுமலை வரை சுழலும் காற்றாலைகளும், கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உள்ள அணு உலைகளும் ஒரே மின்தொகுப்பில் சேர்ந்துதான் கொங்கு நாட்டின் நூற்பாலைகளையும் விசைத்தறிகளையும் கிணற்று மோட்டார்களையும் ஓட்டுகின்றன. அணு உலையில் எரிவது யுரேனியம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது முழு உண்மை அன்று. கூடங்குளத்தில் உள்ளது போன்ற உலையில் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எரிபொருளை நிரப்பும்போது அதில் இல்லாத, உலைக்குள்ளேயே உருவாகிற புளூட்டோனியத்திலிருந்து வருகிறது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி நகரத்தை அழித்த குண்டிலும் இருந்தது அதே தனிமம்தான்.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடுதான், மற்றதெல்லாம் யுரேனியம்-238. உலைக்குள் ஓடித் திரியும் நியூட்ரான் ஒன்றை இந்த 238 விழுங்கிவிட்டால் அது பெரும்பாலும் பிளவுபடுவதில்லை, யுரேனியம்-239 ஆகிறது. அதன் அரை ஆயுள் (பாதி அளவு சிதைந்துபோக ஆகும் காலம்) 23.5 நிமிடம். அது சிதைந்து நெப்டூனியம்-239 ஆகி, அதுவும் 2.4 நாள் அரை ஆயுளில் சிதைந்து புளூட்டோனியம்-239 ஆகிறது. இந்தத் தனிமத்தை அமெரிக்காவின் பெர்க்லியில் கிளென் சீபோர்க்கும் அவருடைய குழுவினரும் 1941 பிப்ரவரியில் அடையாளம் கண்டனர். அவர்கள் முதலில் கண்டது புளூட்டோனியம்-238 என்னும் ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை வேறுபட்ட வடிவம்). விண்கலங்களுக்கு மின்சாரம் தரும் அணு மின்கலங்களில் இன்று பயன்படுவது அதுதான். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது 239.

புளூட்டோனியம்-239 பிளவுபடும்போது சராசரியாக ஏறத்தாழ 2.9 நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. யுரேனியம்-235இல் அது 2.4 அளவே. ஒரு கிராம் புளூட்டோனியம் முழுவதும் பிளவுற்றால் கிடைக்கும் வெப்பத்திலிருந்து சுமார் 7,000 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்ட அது போதும்.

உருவான புளூட்டோனியம்-239 தொடர்ந்து உலையிலேயே இருந்தால் அதன்மீதும் நியூட்ரான்கள் மோதுகின்றன. அவ்வாறு நியூட்ரானை உள்வாங்கும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு முறை அது பிளவுபடாமல் புளூட்டோனியம்-240 ஆக மாறிவிடுகிறது. ஆகவே எரிபொருள் எவ்வளவு காலம் உலையில் இருந்ததோ அதற்கேற்ப 240இன் பங்கு ஏறிக்கொண்டே போகும். ஆயுதத் தரம் என்று சொல்லப்படும் புளூட்டோனியத்தில் 240 ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. மின்சாரத்துக்காக நீண்ட காலம் எரித்த எரிபொருளில் அது இருபது விழுக்காட்டையும் தாண்டிவிடும். ஆயுதத்தையும் எரிபொருளையும் பிரிக்கும் கோடு தனிமத்தில் இல்லை, அது உலைக்குள் கழித்த காலத்தில் இருக்கிறது என்பதே நான் வலியுறுத்த விரும்பும் செய்தி.

240 ஏன் இவ்வளவு முக்கியம்? அது யாரும் தூண்டாமல் தானாகவே பிளவுபடும் இயல்புடையது. ஒரு கிலோ புளூட்டோனியம்-240 நொடிக்குச் சுமார் 10 லட்சம் நியூட்ரான்களை வெளியிடுகிறது. அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் முதலில் நினைத்தது, துப்பாக்கிக் குழாய் போன்ற ஒன்றில் ஒரு துண்டு புளூட்டோனியத்தை மற்றொரு துண்டின்மீது பாய்ச்சிவிடலாம் என்பதே. ஆனால் உலையிலிருந்து வந்த மாதிரிகளை இயற்பியலாளர் எமிலியோ செக்ரே 1944இல் ஆராய்ந்தபோது, துண்டுகள் முழுமையாகச் சேர்வதற்கு முன்பே வழிதவறிய நியூட்ரான் ஒன்று தொடர்வினையைத் தொடங்கிவிடும், குண்டு வெடிக்காமல் பிசுபிசுத்துப் போகும் என்பது தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வந்ததுதான் உள்நோக்கி அழுத்தும் முறை: 6.2 கிலோ எடையுள்ள புளூட்டோனியக் கோளத்தைச் சுற்றி இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்தை வில்லைகளாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் வெடிக்கச் செய்து, கோளத்தை எல்லாத் திசைகளிலிருந்தும் நசுக்கி அதன் அடர்த்தியை ஏறத்தாழ இரு மடங்காக்கினார்கள். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சோதித்ததும், மூன்று வாரம் கழித்து நாகசாகியில் போட்டதும் இதே அமைப்பு. கோளத்தில் பிளவுற்றது ஏறத்தாழ ஒரு கிலோ மட்டுமே.

அந்தக் கோளத்தை வார்த்ததே ஒரு பெரும் போராட்டம். கணபதியிலும் பீளமேட்டிலும் பவுண்டரி வேலை செய்பவர்களுக்கு, உருகிய இரும்பு ஆறும்போது நூறில் ஒரு பங்கு சுருங்கும் என்பது கைப்பழக்கமாகத் தெரியும். அதற்கேற்ப பேட்டர்னைச் சற்றே பெரிதாகச் செய்துவிடுவார்கள். புளூட்டோனியத்திடம் அந்தக் கணக்கு செல்லாது. 640 டிகிரி செல்சியஸில் உருகும் அது, அறை வெப்பநிலைக்கு இறங்குவதற்குள் படிக அமைப்பை ஐந்து முறை மாற்றிக்கொள்கிறது. டெல்டா என்னும் நிலையில் சூடாக்கினால் விரிவதற்கு மாறாகச் சுருங்குகிறது. ஆல்பா என்னும் கடைசி நிலைக்கு வந்துசேரும்போது கனஅளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்து கண்ணாடிபோல நொறுங்கும் தன்மையை அடைகிறது. எடையில் ஒரு விழுக்காடு அளவுக்குக் காலியம் சேர்த்தால் டெல்டா நிலையிலேயே நிறுத்திவைக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகே அதைக் கடைந்து உருவாக்க முடிந்தது. கடைந்தெடுத்த பரப்பு வெள்ளிபோல் மின்னும். காற்றுப் பட்டால் விரைவில் மங்கும். கடைசல் துகள் தானே தீப்பற்றக்கூடும். ஓயாமல் வெளியேறும் ஆல்பா கதிர்களால் அந்த உலோகம் தொடுவதற்கு எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆல்பா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும் என்றாலும், மூச்சோடு நுரையீரலுக்குள் போன துகள் அங்கேயே தங்கிப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. ஆகவே வேலை முழுவதும் மூடிய பெட்டிக்குள், பொருத்திய கையுறைகள் வழியாகவே நடக்கும்.

நம் நாட்டில் முதல் புளூட்டோனியம் மும்பைக்கு அருகே டிராம்பேயில் பிரிக்கப்பட்டது. கனடாவின் உதவியோடு கட்டிய சைரஸ் உலை 1960இல் இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை 1964இல் வந்தது. 1974 மே 18 அன்று போக்ரானில் வெடித்தது அந்தப் புளூட்டோனியம்தான். ஹோமி பாபா 1950களில் வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் அதற்கு வேறொரு வேலை இருந்தது: கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலைகளில் கிடைக்கும் புளூட்டோனியத்தை வேக ஈனுலைகளில், அதாவது எரிப்பதைவிட அதிகமாக எரிபொருளை உண்டாக்கும் உலைகளில், எரித்துப் பெருக்கி, கடைசியில் நம் கடற்கரை மணலில் உள்ள தோரியத்துக்குப் போய்ச் சேர்வது.

அந்த இரண்டாம் கட்டம் கல்பாக்கத்தில் நடக்கிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய சிறிய சோதனை ஈனுலையை அடுத்து, 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது. இதில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் தண்ணீர் இல்லை. வெப்பத்தைக் கடத்துவது திரவ சோடியம். உலையின் மையத்தைச் சுற்றி யுரேனியம்-238 போர்வையாக வைக்கப்படுகிறது. மையத்திலிருந்து தப்பும் நியூட்ரான்கள் அந்தப் போர்வையில் புதிய புளூட்டோனியத்தை உண்டாக்குகின்றன. அங்கே மோதல்கள் குறைவு என்பதால், உருவாவதில் 240இன் பங்கும் மிகக் குறைவு.

அங்கேயே உள்ள கனநீர் உலைகளுக்கும் ஒரு சிறப்பு உண்டு. கிடைமட்டமாக அமைந்த 306 குழாய்களில் எரிபொருள் கட்டுகள் வரிசையாக இருக்கும். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரு பக்கமும் பொருத்திய எந்திரங்கள் ஒரு முனையில் புதிய கட்டைத் தள்ளி மறுமுனையில் பழையதை வாங்கிக்கொள்கின்றன. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் எந்தக் கட்டு எத்தனை நாள் உள்ளே இருந்தது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாரும் சொல்ல முடியாது. கூடங்குளத்து உலைகளில் எரிபொருளை மாற்ற உலையை நிறுத்தியே ஆகவேண்டும்.

நீண்ட காலம் எரித்த புளூட்டோனியத்தால் ஆயுதம் செய்யவே முடியாது என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. அது தவறு. உலைத் தரப் புளூட்டோனியத்தைக் கொண்டு 1962இல் ஒரு சோதனை நடத்தி வெற்றி பெற்றதாக அமெரிக்க அரசே பின்னர் அறிவித்தது. தரம் குறைந்தால் ஆயுதம் செய்வது கடினமாகும், அவ்வளவே. அரை ஆயுளும் நமக்கு உதவாது: 239இன் அரை ஆயுள் 24,110 ஆண்டுகள். நொய்யல் கரையில் கொடுமணலில் இரும்பு உருக்கிய காலத்தில் ஒரு கிலோவைப் புதைத்திருந்தால், இன்றும் அதில் 930 கிராமுக்கு மேல் அப்படியே இருக்கும்.

ஆகவே எஞ்சும் ஒரே பாதுகாப்பு, எடையும் காலமும் பதிந்த கணக்குதான். கூடங்குளத்து உலைகள் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் உள்ளன. கல்பாக்கத்தின் கனநீர் உலைகளும் ஈனுலைகளும் இல்லை; அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தின்போது இந்தியா அவற்றை வேண்டுமென்றே வெளியே நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புக்கு அது தேவை என்று வாதிடுவோரின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்துக்கு என்று சொல்லிக் கட்டிய ஈனுலையின் போர்வையில் ஆண்டுதோறும் எத்தனை கிலோ உருவானது, அதில் எவ்வளவு மீண்டும் எரிபொருளாக உலைக்குத் திரும்பியது என்ற இரண்டு எண்களையாவது நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.