'கம்பெனி பொறுப்பல்ல' என்று அச்சடித்துவிட்டால் போதுமா?

பாளையங்கோட்டையில் என்னிடம் நுகர்வோர் வழக்குக்காக வருகிறவர்களில் பலர் பாதி நம்பிக்கை இழந்துதான் வருகிறார்கள். "பில்லுலயே போட்டிருக்குல்லா சார், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாதுன்னு." வாங்கிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் அந்த வரி இருக்கும். அதைக் காட்டித்தான் கடைக்காரர் கைவிரித்திருப்பார்.

அந்த வரி சட்டத்துக்கு மேலானதல்ல. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். பொருளில் பழுது இருக்க வேண்டும், அது முக்கியம். சேலையின் நிறம் வீட்டில் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் இது உதவாது.

மகளின் சீருக்குக் கிரைண்டர் வாங்கிய ஒரு அம்மா வந்திருந்தார். முதல் ஈடு மாவு அரைக்கும்போதே மோட்டார் கருகிவிட்டது. கடையில், "கம்பெனில பேசிக்கிடுங்கம்மா." கம்பெனியில், "டீலர்கிட்ட கேளுங்க." இப்படி அலையவிடுவதில்தான் ஆட்கள் ஓய்ந்துபோகிறார்கள். அலைய வேண்டாம். வாங்கிய தேதி, பில் எண், என்ன பழுது, எத்தனை நாளில் தீர்வு வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் என்று போனால் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம்.

'வாகனத்துக்கு உரிமையாளரே பொறுப்பு' என்ற போர்டும் அப்படித்தான். 1998இல் டெல்லி ஓட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோனது. தன் பக்கம் அலட்சியம் இருக்கும்போது அந்த வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. சென்னையில் வாங்கியிருந்தாலும், அம்பாசமுத்திரத்தில் குடியிருப்பவர் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். முதலில் விவரம் கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அப்புறம், பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். மெஷின் பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும்.