இங்கிலாந்தில் ஃபுட்பால் மேட்ச்: டிக்கெட்டை யாரிடம் வாங்குகிறீர்கள்?

சில வருடங்களுக்கு முன், ஒரு குளிர்காலச் சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு லண்டனிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. கோவையிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு போயிருந்த அப்பா ஒருவர் பேசினார். அங்கே அப்போது மதியம் மூன்று மணி, மேட்ச் தொடங்கும் நேரம். உள்ளே கூட்டம் போடும் சத்தம் போனில் எனக்கே கேட்கிறது, ஆனால் அவர்கள் இரண்டு பேரும் வெளியே நிற்கிறார்கள். கேட்டில் போனை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிகிறது என்றார். பையனுக்குப் பன்னிரண்டு வயது, மேட்ச்சுக்கென்றே ஜெர்சி வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

நான் டிராவல்ஸ் நடத்துகிறேன். அவர்களுக்கு விசா, விமானம், ஹோட்டல் எல்லாம் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். டிக்கெட்டை மட்டும் அவரே ஒரு இணையதளத்தில் வாங்கியிருந்தார், கிளப் விற்கும் விலையைப் போல ஐந்து மடங்கு கொடுத்து. மேட்ச்சுக்கு முந்தின இரவு வரை டிக்கெட் வரவில்லை, வந்தபோது யாரோ ஒருவருடைய பெயரும் பாஸ்வேர்டும் வந்தன, இந்த ஆப்பை இறக்கி இந்தப் பெயரில் உள்ளே போங்கள் என்ற குறிப்புடன். அந்தக் கணக்கைக் கிளப் ஏற்கெனவே முடக்கிவிட்டது. கேட்டில் நின்ற ஊழியர் பொறுமையாகப் பேசினாராம், ஆனாலும் உள்ளே விட அவருக்கு வழியில்லை.

நம் ஊரில் பிளாக்கில் டிக்கெட் வாங்குவது பெரிய விஷயமே இல்லை. புதுப்படத்தின் முதல் காட்சியானாலும் சேப்பாக்கம் மேட்ச்சானாலும் காசு கூட ஆகும், ஆனால் சீட் பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கிலாந்துக்கும் போகிறோம். அங்கே ஃபுட்பால் டிக்கெட்டுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 1994-ஆம் வருடத்துக் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166-ஆவது பிரிவுப்படி, கிளப்போ போட்டியை நடத்தும் அமைப்போ எழுத்தில் அனுமதி கொடுக்காத யாரும் டிக்கெட் விற்பது குற்றம். கூடுதல் விலைக்கு விற்றால்தான் என்றில்லை, வாங்கிய விலைக்கே விற்றாலும் குற்றம்தான்.

இவ்வளவு கடுமை ஏன் என்றால், அங்கே இரண்டு அணி ரசிகர்களையும் தனித்தனியாக உட்கார வைக்கிறார்கள். 1989-இல் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் போலீஸ் கூட்டத்தைக் கையாண்ட விதத்தில் நேர்ந்த தவறுகளால் நெரிசல் ஏற்பட்டு, மொத்தம் 97 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு நீதிபதி டெய்லர் கொடுத்த அறிக்கை மைதானங்களையே மாற்றியது, நின்று பார்க்கும் இடங்கள் பெரிய மைதானங்களில் இருக்கைகளாக மாறின. பிளாக்கில் விற்பவர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதும் அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று. பிளாக்கில் விற்பவருக்கு வாங்குபவர் எந்த அணி ரசிகர் என்ற கவலையே கிடையாது, யாரை எங்கே வேண்டுமானாலும் உட்கார வைத்துவிடுவார், அடிதடி அங்கேதான் ஆரம்பிக்கும்.

இந்தச் சட்டம் சுற்றுலாப் பயணிகளை இரண்டு இடத்தில் தொடுகிறது. நான் பேசும் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரிவதில்லை. முதலாவது, உங்களுடன் வந்தவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டிக்கெட் மிச்சம், மைதானத்துக்கு வெளியே யாரிடமாவது அதே விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். விற்கிறேன் என்று சொல்வதே குற்றம், வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் போட்டாலும் அப்படித்தான். கிளப்பின் சொந்த மறுவிற்பனைப் பக்கம் இருந்தால் அதில் போடுங்கள், இல்லையென்றால் காசு போனால் போகட்டும். இரண்டாவது, என் தொழில் சம்பந்தப்பட்டது. ஹோட்டல் பணத்தோடு டிக்கெட் இலவசம் என்று யாராவது பேக்கேஜ் போட்டால், அதையும் சட்டம் விற்பனையாகத்தான் பார்க்கிறது. அதனால்தான் என்னைப் போன்ற சாதாரண டிராவல் ஏஜென்ட் உங்களுக்கு டிக்கெட் வாங்கித் தர முடியாது. யாராவது தருகிறேன் என்றால், அந்தக் கிளப்பின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட பார்ட்னர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, நேர்வழி எது? கிளப்பின் சொந்த இணையதளம்தான். பெரிய கிளப்களில் சீசன் டிக்கெட்காரர்கள், அதாவது சீசன் முழுவதற்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியவர்கள் போக மிச்சமுள்ள இடங்கள் முதலில் மெம்பர்களுக்குப் போகும், பொது விற்பனைக்கு எதுவும் வராமலே தீர்ந்துவிடுவதும் உண்டு. மெம்பர்ஷிப்புக்குப் பல கிளப்களில் சுமார் 40 பவுண்ட் ஆகும், வெளிநாட்டிலிருந்தும் சேரலாம். ஆனால் மெம்பர்ஷிப் என்பது டிக்கெட் கேட்கும் உரிமை மட்டும்தான். ஆர்சனல், லிவர்பூல் போன்ற இடங்களில் மெம்பர்களுக்கே குலுக்கல் முறை. உங்களுடன் வருகிற ஒவ்வொருவருக்கும் பொதுவாகத் தனி மெம்பர்ஷிப் வேண்டியிருக்கும். குலுக்கலில் கிடைக்கவில்லை என்றால் மனம் தளராதீர்கள், வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் சீட்டைக் கிளப்பின் மறுவிற்பனைப் பக்கத்தில் போடுவார்கள், மேட்ச்சுக்கு முந்தின நாட்களில் அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் ஒற்றைச் சீட்டுகள் வரும். குடும்பமாகச் சேர்ந்து உட்கார வேண்டும் என்பவர்களுக்குத்தான் அது கஷ்டம். தேதி மாற்றவே முடியாது, அந்த ஒரு மேட்ச்தான் வேண்டும் என்றால் கிளப்பே விற்கும் ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட் இருக்கிறது, சாப்பாட்டோடு வரும், விலை பல மடங்கு, ஆனால் சீட் நிச்சயம். பிளாக்கில் கொட்டும் பணத்தை அங்கே கொடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

அப்புறம் தேதி. இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை போகும், அட்டவணை வழக்கமாக ஜூனில் வெளிவந்துவிடும். அதைப் பார்த்து சனிக்கிழமை மேட்ச், ஞாயிறு காலை விமானம் என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆனால் டிவிக்காக மேட்ச்களை வெள்ளி இரவுக்கோ ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ மாற்றுவார்கள், அந்த அறிவிப்பு சில வாரங்களுக்கு முன்தான் வரும். எனவே மேட்ச்சுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாள் விட்டுப் பயணத்தைப் போடுங்கள்.

உங்களுக்கு இந்த அணிதான் என்ற பிடிவாதம் இல்லை, இங்கிலாந்து மைதானத்தில் ஒரு மேட்ச் பார்த்தால் போதும் என்றால் கவலையே வேண்டாம். பிரீமியர் லீக்கின் 20 அணிகளுக்குக் கீழே மூன்று டிவிஷன்களில் 72 தொழில்முறை அணிகள் இருக்கின்றன. பல மேட்ச்களுக்குச் சில நாட்களுக்கு முன்கூட, மெம்பர்ஷிப் இல்லாமலே, கிளப் இணையதளத்தில் டிக்கெட் கிடைக்கும். லண்டனிலேயே லெய்டன் ஓரியன்ட், சார்ல்டன், கியூபிஆர் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்), மில்வால் எல்லாம் இருக்கின்றன. லெய்டனில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிடுவது காதில் விழும் அளவுக்குப் பக்கத்தில் உட்காரலாம். பெண்கள் லீக்கையும் விடாதீர்கள், ஆர்சனல் ஆண்கள் ஆடும் எமிரேட்ஸ் ஸ்டேடியத்திலேயே ஆர்சனல் பெண்களும் ஆடுகிறார்கள், டிக்கெட் விலை ஆண்கள் மேட்ச் விலையில் சிறு பங்குதான்.

டிக்கெட் கையில் வந்த பிறகும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெரிய கிளப்களில் இப்போது டிக்கெட் போனுக்குள்தான் வரும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. எனவே ரோமிங், பேட்டரி இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள், விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராகப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வாங்கிய சீட் உள்ளூர் அணி பக்கம் என்றால் எதிரணி ஜெர்சி போடாதீர்கள், எதிரணி கோல் அடிக்கும்போது துள்ளிக் குதித்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் வெளியே நின்று மறுபடியும் இன்னொரு ஆளிடம் வாங்காதீர்கள். முதலில் கிளப்பின் டிக்கெட் ஆபீஸுக்குப் போய்க் கேளுங்கள், உள்ளே விடவில்லை என்பதை முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள், அன்றே கார்டு கொடுத்த வங்கியிடம் புகார் கொடுங்கள். இந்தியாவிலிருந்து பணம் அனுப்பியிருந்தால் 1930 சைபர் குற்ற எண்ணிலும் உடனே பதிவு செய்யுங்கள். தனியாளின் கணக்குக்கு நேரடியாக அனுப்பிய பணம் திரும்புவது மிகவும் கடினம், கார்டில் கட்டியிருந்தால் கேட்கவாவது ஒரு இடம் இருக்கும்.

அந்தக் கோவை அப்பா கார்டில்தான் கட்டியிருந்தார். வங்கியோடு மூன்று மாதம் கடிதம் எழுதி ஒரு டிக்கெட்டின் பணத்தை மீட்டார், இன்னொன்று போனது போனதுதான். அன்று இரவே லெய்டன் ஓரியன்ட் இணையதளத்தைத் திறந்து செவ்வாய்க்கிழமை மேட்ச்சுக்கு இரண்டு சீட் போடச் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு, நடுராத்திரி என்றும் பார்க்காமல் பையன் எனக்குப் போட்டோ அனுப்பினான், கழுத்தில் சிவப்பு ஸ்கார்ஃபோடு.